விரல் நுனியில் ஏலம்: ஏணியா, கண்ணியா?

('பழைய இயந்திரங்களை இணைய ஏலத்தில் வாங்குவது உழைப்பாளிக்கு ஏணியே' என்ற அணியில், தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எதிரணித் தலைவர் சற்று முன்னால் ஒரு கதை சொன்னார். ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் படுத்துக்கொண்டே ஒருவர் கைப்பேசியில் ஏலம் கேட்டாராம். பக்கத்தில் மனைவி தூங்குகிறார். காலையில் அந்த அம்மாள் எழுந்து பார்த்தால், வீட்டுக்காரர் ஒரு மண்வாரி இயந்திரத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டாராம். (சிரிப்பு) அரங்கமே சிரித்தது. ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கதையில் தப்பு செய்தது ஏலமா, படுக்கையா? இயந்திரத்தைப் பார்க்காமல், தொடாமல், அதன் சத்தத்தைக் கேட்காமல் விலை சொன்ன மனிதரை விட்டுவிட்டு ஏலத்தைக் கூண்டில் ஏற்றினால் எப்படி?

முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலம் என்பது தமிழில் முளைத்த சொல் அல்ல. போர்த்துகீசியர்களின் 'லெய்லாவ்' என்ற சொல் கடற்கரையில் இறங்கி, தமிழில் 'ஏலம்' ஆயிற்று. அதே சொல் மலாயாக் கரையில் இறங்கி, மலாயில் 'லேலோங்' ஆயிற்று. ஈப்போ சந்தையில் 'லேலோங், லேலோங்' என்று கூவுகிறவரும், தமிழ்நாட்டுக் கோயில் திருவிழாவில் 'ஒரு தரம், ரெண்டு தரம்' என்கிறவரும் ஒரே கப்பலில் வந்த சொல்லைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல் கடன் வாங்கியதாக இருக்கலாம், விலை பேசும் சாமர்த்தியம் கடன் வாங்கியது அல்ல. தமிழ்நாட்டு மாட்டுச் சந்தையில் தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வாங்குகிறவர் கையின் மேல் போட்டு, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு காசு கணக்கும் தெரியாது. ஆனால் அந்த விரலைப் பிடிப்பதற்கு முன்னால் மாட்டின் பல்லைப் பார்த்திருப்பார், சுழியைப் பார்த்திருப்பார், நடக்க விட்டுப் பார்த்திருப்பார். இன்றைக்கு விரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது, பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான் காணாமல் போய்விட்டது. (கைதட்டல்)

இனி பேராக்குக்கு வருவோம். பழைய இயந்திரம் என்றால் பேராக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகிற வழியில் ஒரு ஈயக் கப்பல் நிற்கிறது. ஐந்தாம் எண் கப்பல். 1938-இல் கட்டியது. எடை 4,500 டன். அதைத் தாங்கும் மிதவை மட்டும் 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம். 1982 வரை குளத்தில் மிதந்தபடி மண்ணைத் தோண்டி ஈயத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு அது காட்சிப் பொருள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் அதைப் போல எத்தனையோ கப்பல்கள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை எங்கே? 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்து, லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரம் நின்றுபோனது. விலை சரிந்தது. ஈயலம்பங்கள் வரிசையாக மூடின. பம்பும், டீசல் இன்ஜினும், இரும்புச் சட்டமும் எடைக்குப் போயின. காலமெல்லாம் அந்த இயந்திரத்தோடு வாழ்ந்து, சத்தத்தை வைத்தே கோளாறு சொன்ன பிட்டரும் கிரீஸ் போடும் ஆளும், அது கிலோ கணக்கில் லோரி ஏறுவதை வேலியோரம் நின்று பார்த்தார்கள். அந்த இரும்பில் இன்னும் உயிர் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். வாங்கத்தான் கையில் காசும் இல்லை, விற்பனை எப்போது, எங்கே, யார் மூலம் என்ற செய்தியும் இல்லை.

இந்தக் கட்சி நிற்கும் இடமே அதுதான் நடுவர் அவர்களே. அன்றைக்குப் பழைய இயந்திரத்தின் விற்பனை நாலு பேருக்குள் முடிந்துவிடும். தவுக்கே ஒருவர், பழைய இரும்புக்காரர் ஒருவர், கம்பெனி மேனேஜர் ஒருவர், நடுவில் கமிஷன்காரர் ஒருவர். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு அந்த அறைக்குள் நாற்காலி கிடையாது. இன்றைக்கு சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்திருக்கிற ஒரு மண்வாரி ஓட்டுநர், கிள்ளானில் நிற்கும் இயந்திரத்தின் படத்தையும், அது ஓடிய மணிக்கணக்கையும், கடைசியாக யாரோ சொன்ன விலையையும், தவுக்கே பார்க்கிற அதே நேரத்தில் பார்க்கிறார். கதவு திறந்திருக்கிறது. உள்ளே போகிறவன் வழுக்கி விழுந்தால் கதவைக் குறை சொல்லலாமா?

யார் இந்த ஓட்டுநர்? இவருடைய தாத்தா பால்மரம் வெட்டினார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டாடப்பட்டது, வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தைக் காலி செய்துவிட்டுப் புந்தோங்குக்கும் மெங்லெம்புக்கும் ஜெலாப்பாங்குக்கும் வந்தார்கள். பேரன் லோரி ஓட்டக் கற்றான், பிறகு மண்வாரி ஓட்டக் கற்றான். செம்பனைத் தோட்டத்துக்குச் சாக்கடை வெட்டுவது, பழைய மரத்தைச் சாய்ப்பது, வீட்டுமனைக்கு மண் நிரப்புவது எல்லாம் தெரியும். ஆனால் ஓட்டுகிற இயந்திரம் அடுத்தவருடையது. மழை பெய்தால் சம்பளம் இல்லை, இயந்திரம் படுத்தால் சம்பளம் இல்லை. புதிய இருபது டன் இயந்திரம் ஒன்றின் விலையை அவர் கேட்டுப் பார்த்தால், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவருக்கு எட்டக்கூடிய ஏணி பழைய இயந்திரம் ஒன்றுதான். அதை வாங்க அவர் கையில் எடுப்பதோ, அம்மாவின் ஊழியர் சேமநிதிப் பணம், மனைவியின் தாலிக்கொடி, இல்லையென்றால் தெக்குன் கடன். ஏணியின் ஒரு படி உடைந்தால் விழுவது அவர் ஒருவர் மட்டும் அல்ல. ஆகவே எதிரணியின் பயத்தை இந்த அணி கேலி செய்யவில்லை. அந்தப் பயத்துக்கு மருந்து என்ன என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறது.

நேரம் குறித்த ஏலம் எப்படி நடக்கிறது என்று வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே மேடையில் சுத்தியல் தட்டுகிறவர் இல்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், படம், விவரம். ஏலம் இன்ன நாள் தொடங்கும், இன்ன நாள் இன்ன மணிக்கு முடியும் என்று போட்டிருப்பார்கள். முன்பணம் கட்டிப் பெயர் பதிந்தவர் யாரும் விலை சொல்லலாம். மணி முடியும்போது மேலே இருக்கிற விலை வெல்லும். சில பொருளுக்கு அடக்க விலை ஒன்று மறைவாக இருக்கும், அதை எட்டாவிட்டால் விற்பனை இல்லை. சில பொருளுக்கு அடக்க விலையே கிடையாது, என்ன விலை வந்தாலும் விற்றே தீருவார்கள். கனடாவில் 1958-இல் தொடங்கிய ரிட்சி பிரதர்ஸ் என்ற கம்பெனி அந்த இரண்டாவது வழியில்தான் உலகம் முழுதும் கனரக இயந்திரம் விற்றுப் பேர் வாங்கியது. திடலில் ஆயிரம் பேரைக் கூட்டி ஏலம் விட்ட அந்தக் கம்பெனி, 2020 மார்ச்சில் கோவிட் வந்ததும் எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றியது.

இது ஏதோ கம்ப்யூட்டர் யுகத்துப் புது வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். 1662-இல் லண்டனில் பழைய போர்க் கப்பல்களை ஏலம் விட்டார்கள். கடிகாரத்துக்குப் பதிலாக ஓர் அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றி வைப்பார்கள். சுடர் அணைவதற்கு முன் கடைசியாக விலை சொன்னவருக்குக் கப்பல். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்திருக்கிறார். முதலில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்களாம், சுடர் சாயும்போது எல்லோரும் ஒரே கூச்சலாம். ஒரே ஒரு ஆள் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகக் கடைசியில் கேட்டு ஜெயித்தாராம். ரகசியம் என்ன என்று பீப்ஸ் கேட்டாராம். சுடர் அணையப் போகும் அந்தக் கணத்தில் புகை கீழே இறங்கும், அதைப் பார்த்துக் குரல் கொடுப்பேன் என்றாராம். (கைதட்டல்) முந்நூற்று அறுபது வருடத்துக்கு முன்னால் புகையைப் பார்த்தார்கள், இன்றைக்கு விநாடி முள்ளைப் பார்க்கிறார்கள்.

கடைசி விநாடியில் பாய்கிற இந்த வேலையை 2002-இல் ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். இபேயில் ஏலம் குறித்த நேரத்தில் டக்கென்று முடியும். அந்தக் காலத்தில் அமேசானும் ஏலம் நடத்தியது. அங்கே கடைசி நேரத்தில் யாராவது விலை சொன்னால் மேலும் பத்து நிமிடம் நீளும். கடைசி நிமிடப் பாய்ச்சல் இபேயில் ஏராளம், அமேசானில் குறைவு. இன்றைக்குக் கனரக இயந்திர ஏலங்களில் பெரும்பாலும் நீளும் முறைதான். முடியப் போகும் நேரத்தில் யாராவது கை வைத்தால் இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ கூடும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி விநாடிக்குக் காத்திருப்பதில் பெரிய லாபம் இல்லை. மாறாக ஆபத்து உண்டு. மூன்று மணிக்கு முடிய வேண்டிய ஏலம் மூன்றே முக்கால் வரை இழுக்கும். எதிரில் இருக்கிறவர் யார் என்றே தெரியாது. ஆனால் 'அவனா, நானா' என்ற ரோஷம் வந்துவிடும். ஐந்நூறு, ஐந்நூறாக ஏறும்போது ஐந்நூறு வெள்ளி பெரிதாகத் தெரியாது. பத்து தடவை அழுத்திவிட்டுப் பார்த்தால் ஐயாயிரம் போயிருக்கும்.

இதற்கு ஏலத்துக்குள்ளேயே ஒரு கடிவாளம் இருக்கிறது. உச்ச விலையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். அறுபதாயிரம் என்று எழுதி வைத்தால் உடனே அறுபதாயிரம் போய்விடாது. அடுத்தவர் ஐம்பதாயிரத்தில் நின்றால், உங்கள் பெயரில் அதற்கு ஒரு படி மேலேதான் நிற்கும். இரண்டாவது ஆள் எங்கே நிற்கிறாரோ அதை ஒட்டித்தான் வென்றவர் கொடுக்கிறார். வில்லியம் விக்ரி என்ற பேராசிரியர் 1961-இல் ஏறக்குறைய இந்தத் தத்துவத்தைத்தான் எழுதினார், 1996-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அடக்க விலை மறைவாக இருக்கும் இடத்தில் மட்டும் ஏலக்காரரின் விதியைப் படித்துக்கொள்ள வேண்டும். சில இடங்களில் உங்கள் உச்ச விலை அடக்க விலைக்கு மேலே இருந்தால், நேராக அந்த அடக்க விலைக்கே தூக்கிவிடும். உச்ச விலையை எழுதிவிட்டு கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு காரியத்தைச் செய்கிறவர்களை எதிரணி சொன்ன கண்ணி பிடிக்காது. (கைதட்டல்)

ஆனால் உச்ச விலை எவ்வளவு? இங்கேதான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். ஏலத்தில் பத்துப் பேர் ஒரு இயந்திரத்தைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவர் மனசிலும் ஒரு மதிப்பு. சிலர் குறைத்து மதிப்பார்கள், சிலர் கூட்டி மதிப்பார்கள். ஜெயிப்பது யார்? எல்லோரையும் விடக் கூடுதலாக மதித்தவர். அதாவது, அநேகமாகத் தப்புக் கணக்குப் போட்டவர்! மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் குத்தகை ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் நினைத்த லாபம் பார்க்கவில்லை என்று, 1971-இல் மூன்று பொறியாளர்கள் இதை எழுதிக் காட்டினார்கள். வென்றவனின் சாபம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அதற்கும் முன்னால் கி.பி. 193-இல் ரோமாபுரியில் அரண்மனைக் காவல் படை, சக்கரவர்த்தியைக் கொன்றுவிட்டு, சாம்ராஜ்யத்தையே ஏலம் போட்டது. டிடியஸ் ஜூலியானஸ் என்ற பணக்காரர் சிப்பாய் ஒருவனுக்கு இவ்வளவு என்று கூட்டிச் சொல்லி எடுத்தார். அறுபத்தாறு நாளில் அவரும் கொல்லப்பட்டார். பொருளைச் சோதிக்காமல் ஏலம் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? (சிரிப்பு)

ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஒவ்வொரு ஏலத்துக்கும் மாறும். இருபது டன் மண்வாரி ஒன்றை எழுபதாயிரம் வெள்ளிக்கு ஒருவர் கேட்டு ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏலக்காரருக்கு வாங்குவோர் கட்டணம் பத்து விழுக்காடு என்றால் ஏழாயிரம். அந்தக் கட்டணத்தின் மேல் எட்டு விழுக்காடு சேவை வரி வந்தால் 560. லோ லோடரில் ஏற்றி ஈப்போ கொண்டுவர இரண்டாயிரம். செயின், ரோலர், பல்சக்கரம் தேய்ந்திருந்தால் மாற்ற இருபதாயிரம். ஹைட்ராலிக் சீல், எண்ணெய், பில்டர், பேட்டரி என்று நாலாயிரத்து ஐந்நூறு. கூட்டினால் ஒரு லட்சத்து நாலாயிரத்து அறுபது வெள்ளி. அதே மாதிரி இயந்திரத்தை ஓட விட்டுக் காட்டி, மூன்று மாத உத்தரவாதத்தோடு ஒரு கடைக்காரர் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குக் கொடுக்கிறார் என்றால், ஏலத்தில் மிச்சம் பிடித்தது ஆறாயிரம்தான். இயந்திரத்துக்குள்ளே ஒளிந்திருக்கும் ஒரு பம்ப் அந்த ஆறாயிரத்தை ஒரே வாயில் விழுங்கிவிடும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். கடையில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம். தெரியாத கோளாறுக்குப் பதினைந்தாயிரம் ஒதுக்கினால் மிச்சம் தொண்ணூற்று ஐயாயிரம். லோ லோடருக்கும் பழுதுக்கும் இருபத்தாறாயிரத்து ஐந்நூறைக் கழித்தால் அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. அதற்குள் கட்டணமும் வரியும் அடங்க வேண்டும் என்றால், ஏலத்தில் சொல்லக்கூடிய உச்ச விலை சுமார் அறுபத்தோராயிரத்து எண்ணூறு. எழுபதாயிரம் சொன்னவர் எட்டாயிரம் வெள்ளியை ரோஷத்துக்குக் கொடுத்தார். இந்தக் கணக்கைப் பழைய பள்ளிக்கூட நோட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் கைப்பேசியைத் தொட வேண்டும்.

பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி? எதிரணி நண்பர் 'படத்தைப் பார்த்து ஏமாந்தார்கள்' என்றார். படத்தைப் பார்க்கச் சொன்னது யார்? முறையான ஏலம் எதுவும் பொருளைப் பார்வையிட நாள் ஒதுக்கும். அந்த நாளில் போக வேண்டும். தனியாகப் போகக் கூடாது, மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போக வேண்டும். அவருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பதற்கு அழக் கூடாது.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வருவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் அது எப்படித் திணறித் திணறிப் புறப்படும் என்பதை மறைக்கிறார்கள் என்று அர்த்தம். புறப்பட்டதும் இன்ஜினின் மூச்சுக் குழாயைப் பார்க்க வேண்டும். அதிலிருந்து புகை குப்குப்பென்று வந்தால் உள்ளே ரிங் தேய்ந்திருக்கிறது. ஹைட்ராலிக் எண்ணெய் தேன் மாதிரி இருக்க வேண்டும், பால் கலந்த தேநீர் மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சிலிண்டர் தண்டில் விரலை ஓட்டிப் பார்த்தால் கீறல் தெரியும், அந்தக் கீறல் புது சீலைக் கிழித்துக்கொண்டே இருக்கும். வாளியை ஆள் உயரத்துக்குத் தூக்கி, இன்ஜினை நிறுத்திவிட்டு, ஐந்து நிமிடம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். தானாக இறங்கினால் எங்கோ கசிகிறது. வாளியைத் தரையில் ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கினால், சுழல் வளையத்தில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரியும்.

பிறகு கால். செயின் இயந்திரத்துக்கு அதன் அடிப்பகுதிதான் ஆயுள். ஒரு மண்வாரியின் ஆயுளில் பழுதுக்கும் பராமரிப்புக்கும் செலவாகும் பணத்தில் பாதி வரை அங்கேயே போகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. பல்சக்கரத்தின் பல் மொட்டையாக இருக்க வேண்டும், சுறாப் பல் மாதிரி கூராக இருந்தால் அது முடிந்த கதை. மணி காட்டும் மீட்டரை நம்பாதீர்கள். மீட்டரை மாற்றலாம், மிதிக்கட்டையை யாரும் மாற்ற நினைப்பதில்லை. நாலாயிரம் மணி என்று மீட்டர் சொல்லும்போது, மிதிக்கட்டையின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தால் எது பொய் சொல்கிறது? புதுப் பெயின்ட் அடித்த இயந்திரத்தைக் கண்டால் சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. கல்யாண வீட்டுக்கு வர்ணம் அடிப்பது வேறு, விற்கப் போகிற வீட்டுக்கு அடிப்பது வேறு.

கைக்கருவிகளுக்கும் இதே பார்வைதான். பழைய கடைசல் இயந்திரம் வாங்குகிறவர், வேலை அதிகம் நடக்கும் இடமான சக்குக்குப் பக்கத்தில் படுகை தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெல்டிங் செட், ஜெனரேட்டர் என்றால் சும்மா ஓட விட்டுப் பார்ப்பது போதாது, சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். 'ஒரே கட்டாக இருபது டிரில்' என்று போட்டிருந்தால், பதினைந்து பிணம் என்று நினைத்து விலை போடுவது நல்லது. (சிரிப்பு)

சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. காற்றழுத்தத் தொட்டி, பாய்லர், கிரேன், ஹாயிஸ்ட் இவையெல்லாம் தகுதிச் சான்றிதழ் இல்லாமல் இயக்கக் கூடாதவை. 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் முதல் தேதியிலிருந்து ரத்தாகிவிட்டது என்பதைக் கேள்விப்பட்ட சிலர், சான்றிதழும் போய்விட்டது என்று சொல்லித் திரிகிறார்கள். போகவில்லை. அந்தப் பொறுப்பு 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஜே.கே.கே.பி. அதிகாரிதான் இன்றைக்கும் கேட்பார். ஏலத்தில் ஐந்நூறு வெள்ளிக்குக் கிடைத்த கம்ப்ரசர் தொட்டியில் உள்ளுக்குள் துரு அரித்திருந்தால், அது வெடிக்கும்போது பக்கத்தில் நிற்பது ஏலக்காரர் அல்ல, வேலைக்கு வந்த பையன். பழைய கம்பி வடம், பழைய தூக்குச் சங்கிலி இரண்டையும் ஏலத்தில் வாங்கவே கூடாது என்பது இந்த அணியின் கருத்து. அதில் மிச்சம் பிடிக்கும் காசு காசே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 64-ஆம் பிரிவு, ஏலத்துக்கென்றே இருக்கிறது. விற்கிறவர் தம் ஆளையே உள்ளே விட்டு, சொல்லாமல் கொள்ளாமல் விலை ஏற்றினால், வாங்கியவர் அதை மோசடி என்று சொல்லலாம். அதே சட்டத்தில் இன்னொரு தத்துவமும் இருக்கிறது. தனக்குச் சொந்தமில்லாததை, சில விதிவிலக்கு தவிர, ஒருவர் விற்றாலும் உரிமை மாறாது. நிதி நிறுவனத்துக்குக் கடன் பாக்கி இருக்கிற இயந்திரத்தை வாங்கிக் கொல்லைப்புறத்தில் நிறுத்தினால், ஒரு நாள் காலையில் அவர்கள் லோ லோடரோடு வந்து நிற்பார்கள். ஆகவே முதல் ரசீது எங்கே, கடன் தீர்ந்த கடிதம் எங்கே, சாலையில் ஓடுகிற வண்டி என்றால் கிராண்ட் எங்கே, இயந்திரத்தின் உடம்பில் வெட்டிய எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கேட்க வேண்டும். 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்று ஏலக்காரர் எழுதியிருந்தால், வாங்கிய பிறகு கோளாறு சொல்லி அழ முடியாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வீட்டு உபயோகப் பொருள் வாங்கியவருக்கான இடம், மண்வாரிக்கு அங்கே வழி இல்லை.

ஏலமே பொய்யாக இருந்தால்? எதிரணியின் வலுவான அம்பு அது, ஒப்புக்கொள்ள வேண்டும். சந்தை விலையில் பாதிக்கு இயந்திரம், பார்வையிட முடியாது, முன்பணத்தைத் தனிநபர் கணக்கில் போடு, இன்றே போடு. இந்த நாலும் சேர்ந்து வந்தால் அது ஏலம் அல்ல. கம்பெனிப் பதிவை எஸ்.எஸ்.எம்.மில் பார்க்கலாம். கணக்கு எண்ணைப் போலீஸின் 'செமாக் மியூல்' தளத்தில் தட்டிப் பார்க்கலாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த அந்த நிமிடமே 997-க்கு அடிக்க வேண்டும். 2022-இலிருந்து இருக்கிற எண் அது. வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சும்மா இருந்தால், பணம் நாலு கணக்குத் தாண்டிப் போயிருக்கும்.

கடைசியாக ஒன்று. தனி மனிதன் ஏற முடியாத ஏணியைப் பத்துப் பேர் சேர்ந்து சாய்த்த கதை பேராக்கிலேயே இருக்கிறது. 1950-களில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளிகள் தெருவுக்கு வந்தார்கள். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கேட்டார். பத்து வெள்ளி அன்றைக்குத் தொழிலாளிக்குச் சின்னப் பணம் அல்ல. அந்தப் பணம் சேர்ந்துதான் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. தோட்டத்தையே கூட்டாக வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் ஒரு மண்வாரியைக் கூட்டாக வாங்க முடியாதா?

முடியும். ஆனால் அண்ணன், மாமா, மச்சான் என்று வாய்வார்த்தையில் ஆரம்பித்தால் முதல் பழுதிலேயே உறவு அறுந்துவிடும். வாங்குவதற்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். யார் பங்கு எவ்வளவு, இயந்திரம் யார் பெயரில், யாருக்கு எந்த வாரம், டீசலும் கிரீஸும் யார் கணக்கு, ஒரு மணி ஓடினால் பழுது நிதிக்கு எத்தனை வெள்ளி, ஒருவர் விலகினால் அவர் பங்கை யார், என்ன விலைக்கு எடுப்பது, ஒருவர் இறந்துபோனால் அவர் மனைவிக்கு என்ன. இதோடு, ஏலத்தில் உச்ச விலை இவ்வளவுதான், கைப்பேசி இன்னார் கையில், மற்றவர்கள் பக்கத்தில் நின்று 'இன்னும் ஒரு ஐந்நூறு' என்று சொல்லக் கூடாது என்பதையும் எழுதிக்கொள்ளலாம். (கைதட்டல்) ஜெயித்த பிறகு எத்தனை நாளுக்குள் யார்டிலிருந்து தூக்க வேண்டும் என்று ஏலக்காரர் போட்டிருப்பார். தாண்டினால் நாள் வாடகை ஏறும். லோ லோடர்காரரிடம் ஏலத்துக்கு முன்பே பேசி வைத்துவிடுங்கள்.